பதினேழுக்கும் பதினெட்டுக்கும் நடுவே வளைந்த கோடு

போன மாதம் ஒரு காலை வேளையில் எனக்கு ஒரு போன் வந்தது. பேசியவர் இப்போது பணியில் இருக்கும் நில அளவர், ஓர் இளம்பெண். ஒக்கூர்ப் பக்கம் உள்ள நாற்பது ஏக்கர் நிலத்தைப் புதுக் கருவியை வைத்து மறு அளவை செய்துகொண்டிருப்பதாகச் சொன்னார். பழைய புலப்படத்தில் என் கையெழுத்தைப் பார்த்து, யாரிடமோ விசாரித்து என் எண்ணைப் பிடித்திருக்கிறார்.

"சார், இருபது துண்டும் அச்சடிச்ச மாதிரி நேரா இருக்கு. பதினேழுக்கும் பதினெட்டுக்கும் நடுவுல மட்டும் கோடு மடங்கி மடங்கிப் போகுது. வரைஞ்சதுல தப்பா சார்?" என்று கேட்டார்.

"வரைஞ்சதுல தப்பு இல்லம்மா. அளந்ததுல தப்பு. தப்பு என்னுது" என்றேன்.

முழுக் கதையையும் போனில் சொல்ல முடியவில்லை. எழுதித் தருகிறேன் என்று சொல்லியிருந்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் மானகிரிக்காரன். விவசாயக் குடும்பம். அறுபதுகளின் நடுவில் நில அளவைத் துறையில் சேர்ந்தேன். அப்போது எங்கள் பக்கமெல்லாம் இராமநாதபுரம் மாவட்டம். பயிற்சியில் கற்றதைச் சுருக்கமாகச் சொன்னால் மூன்று விஷயம்: சங்கிலியை இழுத்துப் பிடிப்பது, செங்கோணம் போடுவது, பார்த்ததை அந்த இடத்திலேயே எழுதுவது. சங்கிலி என்றால் அறுபத்தாறு அடி நீள இரும்புச் சங்கிலி. அதில் நூறு கண்ணிகள். ஒரு கண்ணியை நாங்கள் லிங்க் என்போம். எட்டு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. பத்துச் சங்கிலி நீளம், பத்துச் சங்கிலி அகலத்தில் ஒரு சதுரம் போட்டால் சரியாகப் பத்து ஏக்கர். வெள்ளைக்காரன் விட்டுப்போன கணக்கில் எனக்குப் பிடித்தது இது ஒன்றுதான்.

எனக்கு மேலதிகாரியாக இருந்தவர் ஐயம்பெருமாள். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. வெயிலுக்குத் தொப்பி போடமாட்டார். துண்டை நனைத்துத் தலையில் போட்டுக்கொள்வார். எங்கள் அளவுப் புத்தகத்தில் குறிப்புகளைப் பக்கத்தின் அடியிலிருந்து மேல்நோக்கி எழுதுவோம், நிலத்தில் முன்னோக்கி நடப்பதுபோல. அவர் தணிக்கைக்கு வந்தால் அந்தப் புத்தகத்தைத் தொடவே மாட்டார். "வாசியும்வே" என்பார். நாம் அடியிலிருந்து வாசிக்க வேண்டும். அவர் கண்ணை மூடிக்கொண்டு, கையில் இருக்கும் குச்சியால் மண்ணில் வரைந்துகொண்டே வருவார். வாசித்து முடித்ததும் கண்ணைத் திறந்து, மண்ணில் உள்ள படத்தையும் எதிரே உள்ள நிலத்தையும் மாறி மாறிப் பார்ப்பார். எங்கேயாவது ஒட்டவில்லையென்றால் குச்சி அந்த இடத்தில் நிற்கும். அவ்வளவுதான். திட்டமாட்டார். நாம் மறுபடி அளக்க வேண்டும்.

ஒரு தடவை கண்டரமாணிக்கத்தில் ஒரு செட்டியார் வீட்டைப் பங்காளிகளுக்குள் அளந்து பிரிக்கப் போயிருந்தோம். முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கும் வீடு. நான் கருவியை வைத்துச் செங்கோணம் பார்த்துக்கொண்டிருந்தபோது அந்த வீட்டு ஆச்சி வந்து நின்று பார்த்தார்கள். "என்னத்தப் பாக்குறீக?" என்றார்கள். மூலை சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதாகச் சொன்னேன். "எங்க அப்பச்சி கட்டுன வீட்டுல மூலை சரியா இல்லாமப் போயிருமாக்கும்? உள்ள வந்து காப்பி குடிங்க. ஒங்க கருவி சரியா இருக்கான்னு எங்க செவத்த வச்சுப் பாத்துக்கங்க" என்றார்கள். ஐயம்பெருமாள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். ஆனால் காப்பி குடித்துவிட்டு வந்து, ஆச்சி சொன்னபடியே அந்தச் சுவரில் வைத்துக் கருவியைச் சோதித்தார். எதைக் கொண்டு அளக்கிறோமோ அதை முதலில் அளக்க வேண்டும் என்பது அவருக்கு மூச்சு மாதிரி.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒக்கூர்ப் பக்கம் ஒரு புறம்போக்குப் பொட்டலை நிலமற்ற இருபது குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுக்க உத்தரவு வந்தது. தெற்கே ரோடு. வடக்கே பழைய எல்லைக்கற்கள். இரண்டுக்கும் நடுவே சரியாகப் பத்துச் சங்கிலி. கிழக்கே ஒரு பட்டா நிலத்தின் எல்லைக்கல். அங்கிருந்து மேற்கே கண்மாய் எல்லை வரை, பழைய கணக்குப்படி நாற்பது சங்கிலி. ஆகவே பத்து ஏக்கர் சதுரம் நான்கு. ஒவ்வொரு சதுரத்தையும் இரண்டு சங்கிலி அகலத்தில் ஐந்து துண்டாகப் போட்டால் ஆளுக்கு இரண்டு ஏக்கர். கிழக்கே ஒன்றாம் எண்ணில் தொடங்கி மேற்கே இருபதில் முடியும். காகிதத்தில் பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது.

முதல் சதுரத்தை இரண்டு நாளில் முடித்தேன். ஐந்து துண்டுக்கும் கல் நட்டாயிற்று. மூன்றாம் நாள் காலையில், ரோட்டின் குறுக்கே சங்கிலி கிடந்தபோது, செம்புராங்கல் ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று அதன்மேல் ஏறிவிட்டது. வண்டிக்காரர் மேல் தப்பில்லை. சங்கிலியை அப்படிப் போட்டுவிட்டு நான்தான் தண்ணீர் குடிக்கப் போயிருந்தேன். ஏழெட்டுக் கண்ணி வளைந்து போயிற்று. இரண்டு வளையம் அறுந்துவிட்டது.

சங்கிலி பிடிக்கும் என்னுடைய செயின்மேன் வேலு அனுபவசாலி. ஊருக்குள் இருந்த கொல்லரிடம் எடுத்துக்கொண்டு போனார். கொல்லர் கண்ணிகளைக் காய்ச்சித் தட்டி நிமிர்த்தி, புது வளையம் போட்டுக் கொடுத்தார். நல்ல வேலைதான். ஆனால் பழுது பார்த்த சங்கிலியை அலுவலக வளாகத்தில் நட்டிருக்கும் இரண்டு அளவுக்கற்களுக்கு இடையே வைத்துச் சோதித்த பிறகே பயன்படுத்த வேண்டும் என்பது விதி. காரைக்குடிக்குப் போய்வர ஒரு முழுநாள் ஆகும். யாருக்கு எந்தத் துண்டு என்று பெரிய அதிகாரி வந்து குலுக்கல் நடத்த நான்கே நாள் இருந்தது.

"சார், ஒரு எட்டு போயிட்டு வந்துருவமா?" என்று வேலு கேட்டார்.

"முடிச்சிட்டுப் பாத்துக்கலாம்" என்றேன். அளவுப் புத்தகத்தில் 'சங்கிலி சோதிக்கப்பட்டது' என்று எழுதினேன். சாதாரணமாகத்தான் எழுதினேன்.

இருபதாவது துண்டுக்கு வந்தபோது நிலம் போதவில்லை. கண்மாய் எல்லைக்கல் வரை அளந்தால் இருநூறு லிங்க்குக்குப் பதிலாக நூற்று எழுபதுதான் இருந்தது. துண்டின் நீளம் ஆயிரம் லிங்க் என்பதால், அகலத்தில் ஒரு லிங்க் குறைந்தால் பரப்பில் ஒரு சென்ட் குறையும். ஆக முப்பது சென்ட் குறைவு.

ஐயம்பெருமாள் மறுநாள் வந்தார். நான் வாசித்தேன். அவர் மண்ணில் வரைந்தார். குச்சி இருபதாவது துண்டில் நின்றது.

"சதுரம் சதுரமாப் போட்டுக்கிட்டுப் போனா வர்ற கூடுதல் குறைச்சல் கடைசி வரிசையிலதான் விழும். அது வழக்கந்தான். ஆனா முப்பது லிங்க் விழாதுவே. காரணம் என்ன?"

"பழைய ஜமீன் அளவுல பிழையா இருக்கும் சார்."

"சங்கிலி சோதிச்சாச்சா?"

"ஆச்சு சார்."

அவர் குச்சியால் அந்த இடத்தை ஒருமுறை தட்டினார். பிறகு, "சரி. எழுதும்" என்றார்.

குலுக்கலில் இருபதாம் எண் சிவப்பி என்ற அம்மாளுக்கு விழுந்தது. நாற்பது வயதிருக்கும். நடவு, களையெடுப்பு, செங்கல் சூளை என்று கிடைத்த வேலைக்கெல்லாம் போகிறவர். கணவர் நெஞ்சுநோய்க்காரர், வேலை செய்ய முடியாது. மற்றவர்களுக்கெல்லாம் இரண்டு ஏக்கர் என்றும் அவருக்கு ஒரு ஏக்கர் எழுபது சென்ட் என்றும் வாசித்தார்கள். அவர் சீட்டை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு போனார். கிடைத்ததே பெரிது என்று நினைத்திருப்பார் என நான் எண்ணிக்கொண்டேன்.

ஒரு மாதம் கழித்து, விட்டுப்போன சில கற்களை நட நானும் வேலுவும் போயிருந்தோம். அதற்குள் பொட்டல் அடையாளம் தெரியாமல் மாறியிருந்தது. கருவேலம் வெட்டிக் குவித்திருந்தார்கள். பாதிப் பேர் வரப்புப் போட்டுவிட்டார்கள். பதினேழாம் துண்டுக்காரர் மலைச்சாமி தம் மேற்கு எல்லையை ஒட்டிக் கிணறே தோண்டத் தொடங்கியிருந்தார்; ஆள் தலை தெரியாத ஆழம் போயிருந்தது.

சிவப்பி என்னிடம் வந்தார். கையில் ஒரு கயிற்றுச் சுருள்.

"கோவிச்சுக்கிறாதீக அய்யா. ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்கம்மா."

"முப்பது சென்ட்டு கொறையுதுன்னு சொன்னீக. கெழக்க கல்லு நகரல. மேக்க கம்மா நகரல. பூமி எங்குட்டுப் போச்சு?"

பழைய கணக்கில் பிழை என்று அவருக்கும் சொன்னேன்.

"சரிங்கய்யா. எனக்குக் கணக்கு வழக்கு தெரியாது. இந்தக் கயித்த மட்டும் பாருங்க. மொதத் துண்டுல ரோட்டோரம் இந்தக் கல்லுக்கும் அந்தக் கல்லுக்கும் அளந்து முடிச்சுப் போட்டேன். அஞ்சாவது துண்டு வரைக்கும் கயிறு சரியா நிக்கிது. ஆறாவதுக்குப் போனா எட்டல. ஒரு மொழத்துக்குக் கொஞ்சம் கம்மியா நிக்கிது. ஏழாவதுலயும் அதேதான். எட்டாவதுலயும் அதேதான். எல்லாருக்கும் ரெண்டு ஏக்கருன்னா கயிறு ஏன்யா ஆறாவதுலேர்ந்து எட்ட மாட்டேங்குது?"

வேலு தலையைக் குனிந்துகொண்டார். நான் சங்கிலியை எடுத்துக்கொண்டு முதல் துண்டுக்கு நடந்தேன். வண்டி ஏறுவதற்கு முன் இருநூறு லிங்க் என்று நானே அளந்து எழுதிய துண்டு அது. பழுது பார்த்த சங்கிலியைப் போட்டேன். நூற்றுத் தொண்ணூற்று எட்டு காட்டியது. திரும்பவும் போட்டேன். நூற்றுத் தொண்ணூற்று எட்டு.

சங்கிலி ஒரு லிங்க் நீண்டு போயிருந்தது. அதனால் துண்டுக்கு இரண்டு லிங்க். ஆறிலிருந்து பத்தொன்பது வரை பதினான்கு துண்டு, ஆளுக்கு இரண்டு சென்ட் கூடுதல். நீண்ட சங்கிலி முப்பது என்று காட்டிய குறைவு உண்மையில் இருபத்தெட்டு சென்ட். அத்தனையும் இந்த அம்மாளின் நிலம்.

"பூமி எங்க போச்சுன்னு தெரிஞ்சிருச்சும்மா. எனக்கு ரெண்டு நாள் கொடுங்க" என்றேன்.

பகல் பஸ்ஸைப் பிடித்துக் காரைக்குடிக்கு வந்தேன். வழியெல்லாம் இரண்டு யோசனை. கோப்பு மூடியாகிவிட்டது, பெரிய அதிகாரி கையெழுத்தே போட்டாயிற்று, சும்மா இருந்தால் யாரும் கேட்கப் போவதில்லை. சொன்னால் வேலை போகலாம். எனக்குக் கல்யாணமாகி அப்போது ஆறு மாதம். அந்தப் பயம் பொய்யில்லை. ஆனால் அந்தக் கயிறு கண்ணை விட்டுப் போகவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் செய்த சோதனையை, அதற்கென்றே சம்பளம் வாங்கும் நான் செய்யவில்லை.

அலுவலகத்தில் ஐயம்பெருமாள் நின்றபடி மதியச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மேசைமேல் சங்கிலியை வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். மாட்டுவண்டி, கொல்லர், சோதித்ததாக எழுதியது, அவர் கேட்டபோது ஆச்சு என்று சொன்னது. ஒன்றையும் விடவில்லை.

அவர் கை கழுவிவிட்டு வந்தார்.

"மொதல்ல சங்கிலிய அளப்போம். பெறகு ஒம்ம அளப்போம். வாரும்."

வளாகத்தில் இரண்டு கற்களுக்கு நடுவே சங்கிலியை இழுத்துப் பிடித்தோம். எட்டு அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. அவர் குத்தவைத்து உட்கார்ந்து அந்த எட்டு அங்குலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நானும் கையெழுத்துப் போட்டிருக்கேன்வே. ஆச்சு சார்னு சொன்னபோதே எனக்குச் சந்தேகம். ஒரு தடவை சங்கிலியக் கொண்டாரும்னு சொல்லியிருக்கணும். எனக்கும் குலுக்கல் அவசரம்" என்றார். பிறகு எழுந்து, "ரெண்டு அறிக்கை. ஒண்ணு நீர் எழுதும், ஒண்ணு நான் எழுதுதேன். நாளைக்கு நிலத்துக்குப் போவோம். அந்த இருபது குடும்பத்துக்கும் நீர்தான் சொல்லணும்."

மறுநாள் மாலைக்குள் இருபது குடும்பத்தாரும் ரோட்டோரம் கூடினார்கள். நான் நடந்ததைச் சொன்னேன். ஆறாம் துண்டிலிருந்து பத்தொன்பதாம் துண்டு வரை எல்லார் கல்லையும் கிழக்கே நகர்த்த வேண்டும் என்றேன். ஆறாம் துண்டின் மேற்குக் கல் இரண்டு லிங்க் நகரும்; அடுத்தது நான்கு; அப்படியே கூடிக்கொண்டு போய்ப் பத்தொன்பதின் கல் இருபத்தெட்டு லிங்க், பதினெட்டடிக்கு மேல் நகரும்.

சத்தம் கிளம்பியது. "ரெண்டு சென்ட்டு போனாப் போகுது, நாங்க போட்ட வரப்ப யாரு எடுத்துக் கட்டுறது?" என்றார் ஒருவர். "சர்க்காரு கல்லு நட்டுச்சு, அதப் பாத்துத்தான வேலை செஞ்சோம்?" என்றார் இன்னொருவர். எல்லாம் நியாயமான பேச்சு.

மலைச்சாமி முன்னால் வந்தார். பெரிய உடம்புக்காரர், தோளில் கிணற்று மண் காய்ந்திருந்தது. "என் கல்லு எம்புட்டு நகருது?"

"இருபத்துநாலு லிங்க். பதினாறு அடி."

"அப்ப என் கெணறு?"

கிணறு முழுதும் பதினெட்டாம் துண்டுக்குள் போய்விடும். அவருக்கே அது தெரிந்துவிட்டது.

"நானும் எம் பொண்டாட்டியும் ஒரு மாசமாக் குழிக்குள்ள கெடக்கோம். ஒரு பய ஒத்தாசைக்கு வரல. நீரு எழுதுன பொய்க்கு என் கெணத்தக் கொண்டுபோயி அடுத்தவன் காட்டுல வைக்கணுமாக்கும்? கல்லத் தொட்டுப் பாரும், அப்பத் தெரியும்."

அவர் அடித்திருந்தாலும் நான் வாங்கிக்கொண்டிருப்பேன். பதினெட்டாம் துண்டுக்காரர் செல்லையா வாயைத் திறக்கவில்லை. வெட்டின கிணறு ஒன்று சும்மா வருகிறது, யார்தான் பேசுவார்?

அப்போது பேசியவர் சிவப்பி.

"கெணறு வெட்டுனவுக கெணறு. அது வெட்டுனவுககிட்டதான் இருக்கணும். அடுத்தவுக கெணத்தக் குடுத்து எம் பூமிய நெரப்ப வேணாம். அப்பிடித்தான் ஆகும்னா இந்த இருபத்தெட்டு சென்ட்டு எனக்கு வேணாம். ஆனா அதுக்கு வேற வழி இருக்கான்னு இந்தப் படிச்சவுக மொதல்ல பாக்கட்டும்."

எல்லாரும் எங்கள் பக்கம் திரும்பினார்கள். ஐயம்பெருமாள் கீழே குனிந்தார். குச்சியால் மண்ணில் இருபது துண்டையும் வரைந்தார். கிணறு இருந்த இடத்தில் ஒரு சுழி போட்டார். நேர்கோட்டுக்காகவே பிறந்தவர் மாதிரி இருந்த மனிதர், பதினேழுக்கும் பதினெட்டுக்கும் நடுவே கோட்டை இழுத்துக்கொண்டே வந்து, கிணற்றுக்கு முன் நிறுத்தி, மேற்கே மடக்கி, கிணற்றைச் சுற்றிக் கொண்டுவந்து மறுபடி நேராக்கினார்.

"கெணத்தச் சுத்தி ஒரு சென்ட்டுக்குக் கொஞ்சம் கூடுதலா மலைச்சாமிக்குப் போகுது. அதே அளவு வடக்கு ஓரத்துல செல்லையாவுக்கு விட்டுருவோம். ரெண்டு பேருக்கும் ரெண்டு ஏக்கர் குறையாது. சம்மதமா?"

மலைச்சாமி அந்தக் கோட்டைக் குனிந்து பார்த்தார். சம்மதம் என்று தலையாட்டினார்.

செல்லையா தொண்டையைச் செருமிக்கொண்டு, "எனக்கு வாரத்துல ஒரு நா தண்ணி விடணும்" என்றார்.

"தண்ணி வரட்டும்யா மொதல்ல. நாளைக்கே மம்பட்டியத் தூக்கிட்டு வா, ரெண்டு நா விடுறேன்" என்றார் மலைச்சாமி. கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பில்தான் எனக்கு மூச்சு வந்தது.

வரப்பு வேலை பாக்கி இருந்தது. "அத நானும் சேந்து செய்றேன்" என்றேன். வெறும் பேச்சுக்குச் சொல்லவில்லை. ஒன்பது நாள் லீவு போட்டேன். தெற்கிலும் வடக்கிலுமாக இருபத்தெட்டுக் கற்களைப் பெயர்த்தோம், சோதித்த சங்கிலியால் அளந்து நட்டோம், வரப்பைப் பிரித்துக் கட்டினோம். மம்பட்டியைத் தொட்டே பல வருடமான நான் முதல் நாள் அதைப் பிடித்த லட்சணத்தைப் பார்த்து எல்லாரும் கேலி செய்தார்கள். மூன்றாம் நாள், சம்பந்தமே இல்லாத முதல் ஐந்து துண்டுக்காரர்களும் வந்து சேர்ந்துகொண்டார்கள். மதியத்தில் யார் வீட்டுக் கஞ்சி வந்தாலும் எனக்கும் ஒரு சட்டி வந்தது.

துறையில் விசாரணை நடந்தது. எனக்கு ஓராண்டு ஊதிய உயர்வு நின்றது. பதவி உயர்வு தள்ளிப்போனது. ஐயம்பெருமாளுக்கும் எழுத்தில் கண்டனம் வந்தது. அதைப் படித்துவிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "அடுத்த கிராமத்துக்கு எப்பப் போகணும்வே?" என்று கேட்டார். அதன்பின் அவர் எனக்கு மேலதிகாரியாக இருந்த ஐந்து வருடத்தில் ஒருமுறைகூட அதைப் பற்றிப் பேசவில்லை. சங்கிலி சோதிச்சாச்சா என்றும் கேட்கவில்லை. கேட்காமல் விட்டது எனக்குக் கிடைத்த பெரிய நற்சான்று என்று எடுத்துக்கொண்டேன்.

அந்த ஐப்பசியில் மழை நன்றாகப் பெய்தது. மலைச்சாமி கிணற்றில் ஊற்றுக் கண்டது. திருத்திய பட்டாக்கள் வந்ததும் கொடுக்கும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டு போனேன்.

சிவப்பி கடலைக்குக் களையெடுத்துக்கொண்டிருந்தார். கையைத் தட்டிவிட்டு வந்து பட்டாவை வாங்கிப் பார்த்து, என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"வாசிங்கய்யா."

அவர் பெயர், கணவர் பெயர், புல எண், உட்பிரிவு எல்லாம் வாசித்தேன். "பரப்பு, இரண்டு ஏக்கர், பூஜ்யம் சென்ட்" என்று முடித்தேன்.

"பூஜ்யம்னா?"

"மிச்சமும் இல்ல, குறைச்சலும் இல்லம்மா. முழுசா ரெண்டு ஏக்கர்."

"இன்னொருக்க வாசிங்க."

முதலிலிருந்து வாசித்தேன். அவர் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, ஒவ்வொரு சொல்லையும் கவனித்துக் கேட்டார். பிறகு காகிதத்தை வாங்கி நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"சரிங்கய்யா. களை கெடக்கு" என்று சொல்லிவிட்டு நிலத்துக்குள் இறங்கினார்.